மேட்டுக்கொட்டாய்க் கிணற்றுச் சண்டையும் என் அண்ணனும்

என் அண்ணன் கிருஷ்ணப்பன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் எங்கள் அப்பாவின் முகம் சுருங்கிவிடும். "பெங்களூர் காலேஜ்ல வாத்தியாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். "என்ன பாடம்?" என்று மேலும் நோண்டினால், "அத அவனையே கேளுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோவார். அண்ணன் என்னைவிட ஒன்றரை வயதுதான் பெரியவன். அவர் என்று எழுதினால் யாரோ மாதிரி இருக்கிறது. அதனால் அவன் என்றே எழுதப்போகிறேன், மரியாதை தெரியாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காலேஜில் அவன் சொல்லித்தந்தது தர்க்க சாஸ்திரம். ஆனால் உயிர் இருந்தது வேறு இடத்தில். விஞ்ஞானிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டையைப் பற்றித்தான் அவனுடைய ஆராய்ச்சி. ஒரே படிப்பைப் படித்து, ஒரே பொருளைப் பார்க்கிற இரண்டு பேர் ஏன் எதிரும் புதிருமாகப் பேசுகிறார்கள்? எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டும்போது ஒருத்தன் மட்டும் ஏன் எழுந்து நின்று இல்லை என்கிறான்? அந்த ஒருத்தனை மற்றவர்கள் என்ன பாடு படுத்துகிறார்கள்? இதெல்லாம்தான் அவன் கேள்விகள். எங்கே இரண்டு டாக்டர்கள் முறைத்துக்கொண்டாலும், எங்கே இரண்டு பயிர் அதிகாரிகள் பேச்சை நிறுத்திக்கொண்டாலும், அண்ணன் பஸ் ஏறிவிடுவான்.

"சண்டைய வேடிக்கை பாக்குறதுக்கா மச்சான் சம்பளம் தர்றாங்க?" என்று என் வீட்டுக்காரர் மாதப்பன் ஒருமுறை கேட்டார்.

"சம்பளம் பாடத்துக்கு மாப்ள. வேடிக்கை என் சொந்தச் செலவு" என்றான் அண்ணன்.

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். அவனுக்கு ஒரு முறை இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். சண்டை போடும் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைப்பான். அவரவர் கட்சியை அவரவர் பேசக் கூடாது. எதிராளியின் கட்சியைத்தான் பேச வேண்டும். எதிராளி அதைக் கேட்டு, "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்வரை விடமாட்டான். நடுவில் சந்தேகம் கேட்கலாம், மறுத்துப் பேசக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். நீங்கள் உங்கள் நாத்தனாரை வைத்து ஒருதரம் செய்து பாருங்கள், தெரியும் சேதி. மைசூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் பாதியில் எழுந்து அண்ணனின் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்று, "நேத்து பாதியில விட்டுட்டோம்" என்று சொன்னவன் இவன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் எல்லைப் பக்கத்தில் வீட்டுக்குள் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை, ஆபீசில் ஒரு பாஷை என்றுதான் வாழ்க்கை. படித்தவர்கள் ஒப்புக்குத் தலையாட்டும்போது இங்கிலீஷில் "எஸ், எஸ்" என்பார்கள். மனசார ஒத்துக்கொள்ளும்போது வாயை முந்திக்கொண்டு வீட்டுப் பாஷை வந்துவிடும். அண்ணன் அந்த "எஸ்"ஸை ஒருபோதும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டுப் பாஷை வரும்வரை கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருப்பான்.

இந்தக் கூத்தெல்லாம் பெங்களூரில் நடந்தவரை எனக்கு ஒன்றுமில்லை. என் வீட்டுக்குள் வந்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னைக் கட்டிக்கொடுத்த மேட்டுக்கொட்டாய் கல்லாவியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஏரிக்கரை ஓரமாக ஒரு படிக்கிணறு. மழைத்தண்ணீர் ஊறி நிற்கும், ஆழமில்லை. படியில் இறங்கிக் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு வருவோம். அந்தத் தண்ணீரைக் குடித்தால் நரம்புச் சிலந்தி வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. உடம்புக்குள் நூல் மாதிரி ஒரு புழு வளரும். காலில் கொப்புளம் கட்டி உடைந்து தலையை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றித் தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்துபோனால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். சரியாக ஏர் ஓட்டும் பருவத்தில்தான் அந்தச் சனியன் தலையை நீட்டும். என் வீட்டுக்காரருக்கு அறுந்துபோனது. அந்த வருஷம் எங்கள் கொல்லையில் விதை விழவில்லை. வலியில் அவர் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் ஹெல்த் ஆபீசர் நாராயணப்பன் டாக்டர் எங்கள் ஊருக்குப் புதுக்கிணறு வெட்டிக்கொடுத்தபோது அவரைத் தெய்வம் என்றோம். அதில் மிகையே இல்லை. மனிதர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபக்காரர், ஆனால் தங்கம். ஊர் ஊராகப் போய்த் தன் கையாலேயே புழுவைச் சுற்றி எடுத்தவர். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். வெயிலில் கொல்லைக்குப் போகிற வழியில் குனிந்து கையால் அள்ளிக் குடிக்கிறவன் எந்தத் துணியைத் தேடுவான்? கடைசியில், கிருஷ்ணகிரி அணை வேலைக்கு வந்திருந்த வெடிகாரர்களைப் பிடித்துக்கொண்டுவந்து பாறையைப் பிளந்து ஆழமாக ஒரு சேந்துகிணறு இறக்கினார். சுற்றுச்சுவர், ராட்டினம், கயிறு எல்லாம் புதுசு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பழைய கிணற்றங்கரையில் 'கெட்ட தண்ணீர், குடிக்காதே' என்று பலகை நட்டார்.

அடுத்த வருஷமே கௌஸ் மொய்தீன் வந்து சேர்ந்தார். கிருஷ்ணகிரிக்காரர், தண்ணீரைச் சோதிக்கும் கெமிஸ்ட். ஒல்லியான ஆள், பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. புதுக்கிணற்றில் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் ராட்டினத்தடியில் நின்றுகொண்டு, பெண்கள் எல்லோர் எதிரிலும் சொன்னார்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு இந்தத் தண்ணியக் குடுக்காதீங்கம்மா. பல்லு பழுப்பாயிடும். அதோட விடாது, எலும்புக்கும் போவும். சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு ஊர்ல போய்ப் பாருங்க."

டாக்டர் காதுக்கு விஷயம் போனது. அவ்வளவுதான், குதித்தார். பல் பழுப்பதற்குப் புகையிலையும் சத்தில்லாத சாப்பாடும்தான் காரணம், தண்ணீரைச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்துகிறான் என்று மேலே எழுதினார். மேலே இருந்தவர்களும் டாக்டரைத்தான் நம்பினார்கள். கௌஸ் மொய்தீனைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடு, இல்லாவிட்டால் வேலை இருக்காது என்றார்கள். அவர் எழுதிக்கொடுக்கவில்லை. டாக்டரும் விடவில்லை. பழைய கிணறு இருக்கிறவரைக்கும்தானே இந்தப் பேச்சு என்று, மழைக்கு முன்னால் அதில் கல்லையும் மண்ணையும் கொட்டி மூட உத்தரவு வாங்கிவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? இரண்டாகப் பிளந்தது. படிக்கிணற்றுக் கட்சி, சேந்துகிணற்றுக் கட்சி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று அடிதடியாகி, கடைசியில் இரண்டு அண்டாவில் இரண்டு கூழ் காய்ச்சினார்கள். அம்மனுக்கே எதைக் குடிப்பதென்று தெரிந்திருக்காது. என் வீட்டுக்காரர் சேந்துகிணற்றுக் கட்சி. அவருடைய கால் அவருக்கு. நான் எந்தக் கட்சியும் இல்லை. ஏனென்றால் எனக்கு ராஜாத்தி இருந்தாள்.

ராஜாத்திக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. கௌஸ் மொய்தீன் சொன்ன அந்த ஊருக்கு நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஆழக்கிணறு வெட்டி வெகு காலம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லார் பல்லிலும் தேங்காய் மட்டை நிறத்தில் கறை. என் வீட்டுக்காரர் வயதுள்ள ஒரு ஆண் கோலூன்றி வந்தான். முதுகை நிமிர்த்த முடியாமல் தலையை மட்டும் தூக்கி, "யார் வூட்டுக்கும்மா?" என்று கேட்டான். வழி முழுக்கக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே திரும்பினேன். இந்தத் தண்ணீரைக் கொடுத்தால் இவளுக்கு இந்த முதுகு, அந்தத் தண்ணீரைக் கொடுத்தால் இவள் அப்பாவின் கால். பழைய கிணற்றை மூடிவிட்டால் யோசிக்கக்கூட வழி இல்லை. நான் என்னதான் செய்வது?

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். கோடை விடுமுறைக்கு வந்தான். ஓசூரில் ஒரு பஸ், கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் மாறி, தூசியும் வியர்வையுமாக வந்து இறங்கினான். கால் கழுவக்கூட விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டான். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததே பார்க்கலாம், எனக்கு அப்படியே கொதித்தது.

"அண்ணா, உனக்கு இது ஆராய்ச்சி. எனக்கு இவ என் பொண்ணு. சுத்தி வளைக்காம சொல்லு, எந்தத் தண்ணி குடுக்கறது?"

"இன்னும் ரெண்டு பேரையும் கேக்கலியே மங்கா."

"கேக்காட்டி என்ன? நீ படிச்சவன்தான? உனக்குன்னு ஒண்ணு தோணும்ல?"

"தோணும்."

"அப்ப அதச் சொல்லித் தொலையேன்!"

"தோணறதுக்குப் பேரு பதில் இல்லம்மா" என்றான். "அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறவரைக்கும் பழைய கிணத்துத் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு, வடிகட்டிக் குடு. வெறகு நான் ஒடச்சுத் தர்றன்."

அதை மட்டும் செய்தான். தர்க்க சாஸ்திரம் படிப்பிக்கிற கை காய்த்துப்போகும் அளவுக்குத் தினம் காலையில் விறகு உடைத்துப் போட்டான். பதில் மட்டும் சொல்லவில்லை. படிக்கிணற்றுக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். சேந்துகிணற்றுக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்கும் என்றார்கள். எல்லோருக்கும் மோர் கொடுத்து அனுப்பினான். ரெண்டுங்கெட்டான் என்று ஊரே அவனைப் பேசியது. நானும்தான் பேசினேன். சொந்தத் தங்கை கேட்டும் வாயைத் திறக்காதவனை வேறு என்னவென்று சொல்வது?

பிறகு இரண்டு அதிகாரிகளையும் பிடிக்கக் கிளம்பினான். கௌஸ் மொய்தீன் உடனே சரி என்றார். அவருடைய பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருந்தார். டாக்டர்தான் முறுக்கிக்கொண்டார். "அந்த ஆளோட நான் எதுக்குப் பேசணும்?" என்றாராம். "நீங்க அவரோட பேச வேணாம் சார். அவருக்காகப் பேசுங்க. உங்களால முடியாதுன்னு அவரு சொல்றாரு" என்றானாம் அண்ணன். ரோஷக்காரரை இழுக்க வேறு என்ன வேண்டும்?

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கொட்டகையில் ஒரு காலை நேரத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு நாற்காலி எதிரெதிரே, நடுவில் ஒரு முக்காலியில் அண்ணன். இரண்டு கட்சியும் வெளியே நின்று எட்டிப் பார்த்தன. நான் ராஜாத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பழைய கிணற்றை மூடுவதற்கு வண்டிக் கல் ஏரிக்கரையில் வந்து குவிந்துவிட்டது. அதுவும் அங்கிருந்து தெரிந்தது.

முதலில் டாக்டர், கெமிஸ்டின் கட்சியைப் பேசினார்.

"இவரு சொல்றது, புதுக்கிணத்துத் தண்ணி வெஷம்னு."

"வெஷம்னு நான் சொல்லவே இல்ல" என்றார் கௌஸ் மொய்தீன்.

"ஒத்துக்கல. திரும்பச் சொல்லுங்க சார்" என்றான் அண்ணன்.

டாக்டர் முகம் சிவந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி யோசித்தார். "ஆழத்துப் பாறையில புளோரைடுன்னு ஒரு உப்பு இருக்குது. அது தண்ணில கரையுது. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வளர்ற பிள்ளைங்க வருஷக்கணக்காக் குடிச்சா மொதல்ல பல்லு, அப்புறம் எலும்பு. மேலாக ஊறுற தண்ணில அது கம்மி. ஆழத்துலதான் அதிகம்."

"ஆமாய்யா!" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார் கௌஸ் மொய்தீன். "அதத்தான்யா நான் கத்திக்கிட்டுக் கெடக்கறன்! ஒருத்தரும் காது குடுக்கல!" மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைப் பொய்யன் என்றவர் வாயிலிருந்தே தன் பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் கலங்காது?

அடுத்து அவருடைய முறை. இங்கேதான் என் வயிறு எரிய ஆரம்பித்தது.

"டாக்டர் சொல்றது, படிக்கிணத்துத் தண்ணி கெட்ட தண்ணி."

"எஸ்" என்றார் டாக்டர். அவருக்கு வேலை முடிந்தால் சரி.

"அது போதாது" என்றான் அண்ணன். "திரும்பச் சொல்லுங்க."

"அதுல நரம்புச் சிலந்திப் பூச்சி இருக்குது."

"எஸ், எஸ்."

"இல்ல. திரும்ப."

டாக்டரே ஒத்துக்கொண்ட பிறகு இவனுக்கென்ன வந்தது? கௌஸ் மொய்தீன் வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார். டாக்டரும் எஸ் எஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அசையவில்லை. கெமிஸ்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "சார், நீங்களே எனக்கு எதிரா நின்னா நான் எங்க போவன்?" என்று கேட்டேவிட்டார். நான் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைக் கிள்ளி, "பாத்தீங்களா உங்க மச்சான, டாக்டர் பக்கம் சாஞ்சிட்டான். அவருக்கு ரெண்டாந்தரம் போதும், இவருக்கு மட்டும் இத்தன தரம். பாவி!" என்றேன். அந்த நேரத்தில் கையில் என்ன கிடைத்திருந்தாலும் அவன் தலையில் எறிந்திருப்பேன்.

"அவரையே கேளுங்க. கேக்கலாம், மறுக்கத்தான் கூடாது" என்றான் அண்ணன்.

கௌஸ் மொய்தீன் பெருமூச்சு விட்டார். பிறகு, சண்டை தொடங்கியதிலிருந்து முதல்முறையாக என்று நினைக்கிறேன், டாக்டரைப் பார்த்து உண்மையிலேயே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், அந்தப் பூச்சி தண்ணிலயே பொறக்குதா?"

"தண்ணில எப்படிப் பொறக்கும்? கால்ல இருந்து வருது" என்றார் டாக்டர். தனக்குப் பிடித்த பாடம், குரலே மாறிவிட்டது. "புண்ணு இருக்கறவன் குடத்தோட படியில எறங்குறான். எரிச்சலுக்குக் குளுகுளுன்னு இருக்கும். அப்பத்தான் புழு குட்டிகளத் தண்ணில விடுது. தண்ணில இருக்கற சின்னப் பூச்சி அதத் தின்னுது. அந்தப் பூச்சியோட சேத்து அடுத்தவன் குடிக்கிறான்."

"அப்ப கால் எறங்கலன்னா?"

"கால் எறங்கலன்னா நோய் ஏது?"

கௌஸ் மொய்தீன் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "டாக்டருக்குத் தண்ணி மேல கோவம் இல்ல. படிக்கட்டு மேலதான் கோவம்."

"ஔனு!" என்று தொடையைத் தட்டினார் டாக்டர். "ஔனய்யா, அதே!"

தெலுங்கு! வீட்டுப் பாஷை வந்துவிட்டது. அண்ணன் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். டாக்டர் தட்டிய கையைத் தொடையிலேயே வைத்திருந்தார். சொன்ன பிறகுதான் தான் எதை ஒத்துக்கொண்டோம் என்பது அவருக்கே உறைத்திருக்கும். மெதுவாகக் கேட்டார்.

"அப்போ உங்களுக்கு ராட்டினத்து மேல கோவம் கெடையாதா?"

"ராட்டினம் என்னைய என்ன பண்ணுச்சு? எனக்கு ஆழத்து மேலதான் சார் கோவம்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டாக்டர்தான் முதலில் எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். கௌஸ் மொய்தீன் பின்னாலேயே ஓடினார். இரண்டு கட்சியும் அவர்கள் பின்னால் ஓடின. படிக்கிணற்றைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு டாக்டர் சொன்னார். "படிய அடைச்சிடலாம். சுத்தி இடுப்பு ஒசரத்துக்குச் சுவரு. மேல ராட்டினம். அந்தக் கல்லு இதுக்கே போதும்."

மூடக் கொண்டுவந்த கல்லாலேயே கிணற்றுக்குச் சுவர் எழும்பியது. ஒரு வருஷமாக இரண்டு கிணறுகளுக்கு நடுவே அடித்துக்கொண்டோம். ஊறிய தண்ணீரும் வேண்டும், ராட்டினமும் வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆளுக்கொரு கட்சி எடுத்த பிறகு எப்படித் தோன்றும்? ஆழக்கிணறு மாட்டுக்கும் துணி துவைக்கவும் என்று ஆனது. மாரியம்மனுக்கு மறுபடியும் ஒரே அண்டாவில் கூழ்.

நாராயணப்பன் டாக்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புதுக்கிணற்றைப் பற்றித் தான் நினைத்தது தவறு, கெமிஸ்ட் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவரே மேலே எழுதினார். எந்த அதிகாரி அப்படி எழுதுவார்? கௌஸ் மொய்தீன் வேலை பிழைத்தது. அதற்காக இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். பல் கறையில் புகையிலைக்கும் பங்கு உண்டா இல்லையா என்று சாகும்வரை அடித்துக்கொண்டார்கள். ஆனால் சண்டையைத் தொடங்கும்முன் டாக்டர், "மொதல்ல நீங்க சொல்றத நான் சொல்லிடறன்" என்பாராம். கௌஸ் மொய்தீன் எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் வீட்டுக்காரர் காலில் அதற்குப் பிறகு புழு வரவில்லை. ஊரிலேயே மெல்ல மெல்ல அந்தப் பேச்சு ஒழிந்தது. ஆனால் ராஜாத்தியின் பல்? பால் பல்லைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, அது விழுந்து முளைக்கிற பல்லில்தான் தெரியும் என்று கெமிஸ்ட் சொல்லியிருந்தார். அவர் சொன்னதே ஆராய்ந்து பார்த்தால் சரியாக இருக்குமா, பழைய கிணற்றிலும் அந்த உப்பு ஊறுமா, யாருக்குத் தெரியும்? அத்தனை வருஷமும் அந்தப் பயம் என்னை விடவில்லை. அண்ணன் ஒவ்வொரு விடுமுறைக்கும் வருவான். பையைக் கீழே வைப்பதற்கு முன்னால், "ராஜாத்தி, ஈ காட்டு" என்பான்.

நாலைந்து வருஷம் கழித்து ஒருதரம் அவன் வந்தபோது அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்து புதுசாக முளைத்து வந்திருந்தது. வெளியே வெயிலில் அழைத்துப் போனான். முகவாயைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான். பல் வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் கொஞ்ச நாளாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அவன் பார்த்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அந்த மகிழ்ச்சியில் எனக்குப் பழைய கோபம் கிளம்பிவிட்டது. நான் அப்படித்தான்.

"இப்பவாவது வாயத் தொறந்து சொல்லு. அன்னைக்கி நீ யாரு பக்கம்? டாக்டர் பக்கம்தான?"

"கௌஸ் மொய்தீன் பக்கம்" என்றான், அவள் பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ வூட்டு வாசல்ல வச்சு மொதல்ல சொன்னப்பவே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப்பாவி! அப்புறம் ஏன் அந்த மனுஷனையே அந்தப் பாடு படுத்தினே? டாக்டரே விட்டாலும் நீ விடலியே!"

"அதனாலதான் விடல. என் மனசு இருக்கற பக்கத்துக்கு நான் சலுகை காட்டினா எனக்கே தெரியாது மங்கா. அதனால அந்தப் பக்கத்தத்தான் ரொம்ப நெருக்கணும்." முகவாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அன்னைக்கி நீ கேட்ட ஒடனே பதில் சொல்லியிருந்தன்னா, பழைய கிணறே போதும், படியில எறங்கி மொண்டுக்கன்னு சொல்லியிருப்பன். நீயும் கேட்டிருப்ப, ஊரும் கேட்டிருக்கும். இவளுக்குப் பல்லு இப்படித்தான் வெள்ளையா இருந்திருக்கும். கால்ல புழு இருந்திருக்கும்."

நான் ராஜாத்தியின் காலைப் பார்த்தேன். ஓடியாடிப் புழுதி படிந்த, கீறல் ஒன்றுகூட இல்லாத கால். என் வீட்டுக்காரர் கத்திய கத்தல் காதில் வந்து போனது. என் அண்ணனுக்கு என்ன வேலை என்று இனி யாராவது கேட்டால் அப்பா மாதிரி எழுந்துபோகாமல் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று அப்போது நினைத்தேன். அதைத்தான் இப்போது செய்திருக்கிறேன்.

"ஆனா ஒண்ணு மங்கா" என்றான் அவன். "ஒரு பிள்ளையோட பல்ல வச்சு எதையும் சொல்லிட முடியாது. ஊர்ல இன்னும் பத்துப் பிள்ளைங்களுக்காவது பாக்கணும். இது சாட்சியே ஆவாது."

சொல்லிவிட்டு மறுபடியும் அவள் முகவாயைத் தூக்கினான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, பல்லைப் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை.

"மாமா, வாய் வலிக்குது" என்றாள் ராஜாத்தி. "இன்னும் எவ்ளோ நேரம் பாப்பீங்க?"